மயக்க ஊசியும் இதயமும்

சத்திரசிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் பெரியவர்கள் கத்தியை விட மயக்க ஊசிக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். "மயக்கினால் திரும்ப எழும்புவாரா?" என்ற கேள்வியை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். இதயத்திலேயே சத்திரசிகிச்சை என்றால் அந்தப் பயம் இரட்டிப்பாகி விடுகிறது. ஏற்கனவே பலவீனமாக இருக்கும் இதயத்துக்கு மயக்க மருந்து என்ன செய்யும்? அந்த இதயம் அதைத் தாங்குமா?

இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. நாளத்தினுள் ஏற்றப்படும் மயக்க மருந்துகள் உண்மையிலேயே இதயத்தையும் குருதிக் கலன்களையும் பாதிக்கின்றன. ஆனால் எந்த மருந்து, எப்படி, எவ்வளவு பாதிக்கும் என்பது இன்று நன்கு அறியப்பட்ட விடயம். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவி என்ற வகையில் அதை எளிமையாக விளக்க முயல்கிறேன். இது விளங்கினால், சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் கேட்கும் சாதாரணக் கேள்விகளின் பெறுமதியும் விளங்கும்.

நமது மாகாணத்துக்கு இது ஏன் முக்கியம்?

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலைத் தோட்டங்களும் இறப்பர் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் லயங்களைக் காணலாம். தோட்டங்களை அடுத்துள்ள கடைவீதிகளில் நம்மவர்கள் பலர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

லயத்தில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்குவது இன்றும் உண்டு. இப்படி நெருக்கமாக வாழும் இடங்களில் தொண்டை நோ எளிதில் பரவும். ஸ்ரெப்டோகொக்கசு என்னும் பற்றீரியாவால் வரும் தொண்டை நோவுக்கு உரிய மருந்து எடுக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு சில வாரங்களின் பின் வாதக் காய்ச்சல் வருகிறது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் இது ஏற்படும். முழங்காலும் கணுக்காலும் வீங்கி, காய்ச்சல் காய்ந்து, பிறகு எல்லாம் சரியானது போலத் தோன்றும். ஆனால் பற்றீரியாவை எதிர்க்க உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகள் இதயத்தின் வால்வுகளையும் தாக்கியிருக்கக் கூடும். அந்தச் சேதம் பல வருடங்கள் கழித்தே தெரியவரும். அப்போது அந்தப் பிள்ளை கொழுந்து பறிக்கும் பெண்ணாகவோ பால் வெட்டும் தொழிலாளியாகவோ ஆகியிருக்கும். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். இரவில் நிமிர்ந்து படுக்க முடியாது.

இப்படிப்பட்ட நோயாளிகளில் சிலருக்கு வால்வைத் திருத்தவோ மாற்றவோ சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது. நம் மாவட்டங்களிலிருந்து கொழும்பு, கண்டி போன்ற இடங்களிலுள்ள பெரிய வைத்தியசாலைகளுக்கு அவர்கள் அனுப்பப்படுகிறார்கள். மாரடைப்பு வந்து முடியுரு நாடிகள் அடைபட்ட பெரியவர்களும் அதே வழியில்தான் போகிறார்கள். அங்கே மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரையும் சந்திக்கிறார்கள்.

ஊசி செல்லும் வழி

1846 ஒக்டோபர் 16ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியசாலை ஒன்றில் வில்லியம் மோர்ட்டன் என்பவர் ஒரு நோயாளியை ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து மயக்கினார். நவீன மயக்க மருந்தியலின் தொடக்கமாக அந்த நாளையே கூறுவர். அதன் பின் நெடுங்காலம் மயக்கம் மூக்கு வழியாகவே வந்தது. 1934இல் தயோபென்ரோன் என்ற மருந்து அமெரிக்காவில் நாளத்தின் வழியாகக் கொடுக்கப்பட்ட பிறகுதான் 'மயக்க ஊசி' பரவலாக வழக்கத்துக்கு வந்தது.

கையிலுள்ள நாளத்தில் ஏற்றிய மருந்து மூளைக்கு எப்படிப் போகிறது? முதலில் இதயத்தின் வலது சோணையறைக்கும் வலது இதயவறைக்கும் வருகிறது. அங்கிருந்து நுரையீரல்களுக்குச் சென்று, இடது சோணையறைக்குத் திரும்பி, இடது இதயவறையால் பெருநாடிக்குள் தள்ளப்பட்டு மூளையை அடைகிறது. வலது பக்கக் குருதி நுரையீரல் வழியாகவே இடது பக்கத்துக்கு வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் இப்னு அந்நபீஸ். திமஷ்கில் கற்று கெய்ரோவில் பணியாற்றிய வைத்தியர் அவர். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் ஊடாகக் குருதி கடக்கிறது என்று அதுவரை நம்பப்பட்டு வந்த கருத்தை அவர் மறுத்தார்.

ஆரோக்கியமான ஒருவருக்கு இந்தப் பயணம் முடிய ஏறத்தாழ அரை நிமிடம் போதும். மருந்து ஏற்றும்போது எண்ணத் தொடங்கியவர் முப்பதுக்குள் உறங்கி விடுவார். ஆனால் இதயம் பலவீனமானவருக்குக் குருதி மெதுவாகச் சுற்றுகிறது. அரை நிமிடமாகியும் அவர் விழித்தே இருப்பார். அந்த நேரத்தில் வைத்தியர் அவசரப்பட்டு "மருந்து போதவில்லை" என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினால், முதலில் ஏற்றியதும் பிறகு ஏற்றியதும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்து, தேவைக்கு மிஞ்சிய அளவாகி விடும். எனவே இதய நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதில் பொறுமையும் ஒரு மருந்துதான். சிறிது ஏற்றிக் காத்திருந்து, பார்த்த பின்பே மேலும் சிறிது ஏற்றுவார்கள்.

தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்

மயக்க மருந்தால் குருதியமுக்கம் ஏன் குறைகிறது என்பதை விளங்க, தோட்டத்து லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். கீழே ஓடையில் ஒரு பம்பி. அது தண்ணீரைத் தள்ளுகிறது. குழாய் வழியாகத் தண்ணீர் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறது. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வேகமாக வர வேண்டுமானால் மூன்று விடயங்கள் சரியாக இருக்க வேண்டும். பம்பி பலமாக இருக்க வேண்டும். ஓடையில் போதிய தண்ணீர் இருக்க வேண்டும். வழியிலுள்ள குழாய்கள் எல்லாம் ஒரேயடியாகத் திறந்திருக்கக் கூடாது.

நம் உடலில் பம்பி என்பது இதயம். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவரின் இதயம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் குருதியைத் தள்ளுகிறது. தண்ணீர் என்பது குருதியின் அளவு. குழாய்களின் திறப்பு என்பது சிறுநாடிகள் விரிவதும் சுருங்குவதும். மூளையையும் சிறுநீரகத்தையும் கடைசி வீடுகளாக வைத்துக் கொள்ளலாம்.

இந்த மூன்றையும் கவனிக்க உடலில் ஒரு காவல்காரரும் இருக்கிறார். கழுத்து நாடியிலும் பெருநாடி வளைவிலும் உள்ள அமுக்க வாங்கிகளும், மூளையும், பரிவு நரம்புத் தொகுதியும் சேர்ந்தே அந்தக் காவலைச் செய்கின்றன. நாம் படுத்திருந்து சடுதியாக எழும்பினால் குருதி கால்களை நோக்கி இறங்குகிறது. உடனே அந்தக் காவல்காரர் இதயத்தை வேகமாக அடிக்கச் செய்து, சிறுநாடிகளைச் சுருக்கி, அமுக்கத்தைக் காப்பாற்றுகிறார். இவை எதையும் நாம் அறிவதே இல்லை.

நாளத்தினுள் கொடுக்கும் மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கின்றன. குழாய்களை அகலத் திறந்து விடுகின்றன. பம்பியை ஓரளவு தளர்த்துகின்றன. காவல்காரரையும் உறங்க வைக்கின்றன. ஆரோக்கியமானவரின் உடல் இதைத் தாங்கிக் கொள்ளும். ஆனால் இதய நோயாளி பெரும்பாலும் அந்தக் காவல்காரரின் தயவிலேயே வாழ்ந்து வருகிறார். பலவீனமான இதயத்தைப் பரிவு நரம்புகள் இரவு பகலாக உந்திக் கொண்டே இருக்கும். அந்த உந்துதல் திடீரென நின்றால் அமுக்கம் சரிந்து விடும்.

எனவே மயக்க மருந்து கொடுத்த கணத்திலிருந்து அந்தக் காவல் வேலையைச் செய்ய வேறொருவர் தேவை. அவர்தான் மயக்கமருந்து வைத்தியர். "ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் நோயாளியின் தலைமாட்டில் கடைசி வரை நின்று, அவரது நரம்புத் தொகுதி செய்ய வேண்டிய வேலையை அவர் செய்து கொண்டிருக்கிறார்.

சில மருந்துகளும் அவற்றின் குணங்களும்

முதலில் தயோபென்ரோன். இது வேகமாக உறங்க வைக்கும். ஆனால் நாளங்களை விரியச் செய்து இதயத் தசையின் சுருக்கத்தையும் குறைக்கும். 1941 டிசம்பர் 7ஆம் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபோது, குருதி இழந்த காயக்காரர்களுக்கு இம்மருந்து கொடுத்ததால் மரணங்கள் நேர்ந்தன என்று நெடுங்காலம் கூறப்பட்டது. அந்தக் கதை மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் அதிலிருந்து பெற்ற பாடம் சரியானது. ஓடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது எல்லாக் குழாய்களையும் திறக்கக் கூடாது.

இரண்டாவது புரொபோபோல். இன்று உலகில் மிக அதிகமாகப் பயன்படுவது இதுதான். இதைக் கண்டறிந்தவர் ஜோன் கிளென் என்ற ஸ்கொட்லாந்து நாட்டு மிருக வைத்தியர். 1973இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் இதன் உறங்க வைக்கும் தன்மை கண்டறியப்பட்டது. இம்மருந்து நீரில் கரையாது. முதலில் இதைக் கரைக்கப் பயன்படுத்திய பொருள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கியதால், சோயா எண்ணெயும் முட்டையிலிருந்து பெறும் லெசித்தினும் சேர்ந்த குழம்பாக மாற்றி அமைத்தார்கள். 1986இல் அது பிரித்தானியாவில் பாவனைக்கு வந்தது. 2018இல் கிளெனுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. பார்வைக்கு இது இறப்பர் பால் போலத் தூய வெள்ளையாக இருக்கும். ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். இது சிறுநாடிகளையும் நாளங்களையும் விரித்து அமுக்கத்தைக் குறைக்கிறது. அமுக்கம் குறையும்போது இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்க வேண்டும் அல்லவா? அந்த எதிர்வினையையும் இது மழுங்கச் செய்கிறது. எனவே இதய நோயாளிக்கு அளவைக் குறைத்து, மெதுவாகவே ஏற்றுவார்கள்.

மூன்றாவது கெட்டமின். 1962இல் தயாரிக்கப்பட்டு, 1970இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதன் குணம் மற்றவற்றுக்கு நேர்மாறு. இது பரிவு நரம்புத் தொகுதியைத் தூண்டி இதயத் துடிப்பையும் குருதியமுக்கத்தையும் கூட்டுகிறது. அப்படியானால் இதய நோயாளிகள் எல்லோருக்கும் இதையே கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் வேகமாக அடிக்கும் இதயத்துக்கு அதிக ஒட்சிசன் வேண்டும். முடியுரு நாடி அடைபட்டவருக்கு அந்த ஒட்சிசன் கிடைக்காது. அத்துடன் நீண்ட நோயால் பரிவு நரம்புகள் களைத்துப் போனவர்களில் கெட்டமினின் தூண்டும் குணம் வேலை செய்யாமல், இதயத் தசையை நேரடியாகத் தளர்த்தும் குணம் மட்டும் வெளிப்படக் கூடும்.

நான்காவது எற்றோமிடேற்று. 1972இல் ஐரோப்பாவில் பாவனைக்கு வந்தது. இதயத்தையும் அமுக்கத்தையும் மிகக் குறைவாகவே பாதிக்கும் என்பதால் இதய நோயாளிகளுக்கு மிகப் பொருத்தமானதாகக் கருதப்பட்டது. ஆனால் நோயின்போது உடலைத் தாங்கிப் பிடிக்கும் கோட்டிசோல் என்ற ஓமோனை அதிரீனற் சுரப்பி உருவாக்குவதை இது சிறிது காலத்துக்குத் தடுக்கிறது என்பது 1980களில் தெரிய வந்தது.

இவற்றுடன் பென்ரனில் போன்ற வலுவான வலி நீக்கிகளும் மிடாசோலம் போன்ற அமைதியூட்டிகளும் சேர்க்கப்படுகின்றன. பென்ரனில் 1960இல் பெல்ஜியத்தில் போல் ஜான்சன் குழுவினரால் உருவாக்கப்பட்டது. இது இதயத் தசையைத் தளர்த்துவது மிகக் குறைவு, துடிப்பை மட்டும் சற்று மெதுவாக்கும். இதைக் கொடுத்தால் புரொபோபோல் போன்றவை குறைந்த அளவிலேயே போதும். ஆகவேதான் இதய சத்திரசிகிச்சையில் இது முக்கிய இடம் பெறுகிறது.

இவற்றுள் நல்ல மருந்து எது, கெட்ட மருந்து எது என்று பிரிக்க முடியாது. எந்த இதயத்துக்கு எது பொருந்தும் என்றே பார்க்க வேண்டும்.

ஒரே மருந்து, வெவ்வேறு இதயங்கள்

வாதக் காய்ச்சலால் இருகூர் வால்வு ஒடுங்கிய ஒரு பெண்ணை எடுத்துக் கொள்வோம். இதை மைட்ரல் வால்வு என்றும் சொல்வர். சாதாரணமாக இதன் திறப்பு 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வரை இருக்கும். கடுமையாக ஒடுங்கினால் 1.5 சதுர சென்ரிமீற்றருக்கும் குறைந்து விடும். அந்தச் சிறிய வாசலால் இடது இதயவறைக்குள் குருதி இறங்க நேரம் தேவை. இதயம் விரியும் நேரத்தில்தான் அது இறங்கும். துடிப்பு வேகமானால் அந்த நேரமே முதலில் சுருங்கும். எனவே கெட்டமின் போல இதயத்தை விரைவுபடுத்தும் மருந்து இவருக்கு ஆபத்தாகலாம். வெளியே போகும் குருதி குறைந்து, பின்னால் நுரையீரலில் குருதி தேங்கி மூச்சுத் திணறும். இவருடைய இதயத்தை மெதுவாக அடிக்க விட வேண்டும்.

அடுத்து பெருநாடி வால்வு ஒடுங்கிய ஒரு முதியவர். இவரது தடித்த இதயத் தசைக்குக் குருதியைக் கொடுப்பது பெருநாடியிலிருந்து பிரியும் முடியுரு நாடிகள். பெருநாடியில் அமுக்கம் குறைந்தால் இதயத்துக்கே குருதி போகாது. புரொபோபோலை வழமையான அளவில் வேகமாக ஏற்றினால் சிறுநாடிகள் விரிந்து அமுக்கம் சரியும். ஒடுங்கிய வால்வின் ஊடாக அதிகம் தள்ளி அதை ஈடுசெய்யவும் இதயத்தால் முடியாது. இவருக்கு முக்கியமானது அமுக்கத்தைக் காப்பாற்றுவது.

மூன்றாவது, வால்வு ஒடுங்காமல் மூடாமல் ஒழுகும் ஒருவர். இவருக்குக் கதை வேறு. சிறுநாடிகள் சற்று விரிந்தால் குருதி முன்னோக்கிச் செல்வது இலகுவாகும், பின்னோக்கி ஒழுகுவது குறையும். ஆகவே மற்றவரைக் கவிழ்க்கும் அதே விளைவு அளவோடு இருந்தால் இவருக்கு உதவி. ஆனால் துடிப்பு மிகவும் மெதுவானால் ஒழுக அதிக நேரம் கிடைத்து விடும்.

மூவரும் இதய நோயாளிகள். ஒரே வார்ட்டில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கக் கூடும். ஆனால் ஒருவருக்குக் கொடுத்த முறையை மற்றவருக்குக் கொடுக்க முடியாது. "பக்கத்துக் கட்டில் ஆளுக்கு அந்த மருந்து கொடுத்தார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில்

மயக்கும் முன்பே மணிக்கட்டு நாடியில் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்துவது இதய சத்திரசிகிச்சையில் வழக்கம். அதன் மூலம் ஒவ்வொரு துடிப்பின் அமுக்கமும் திரையில் தெரியும். சாதாரணமாகக் கையில் கட்டிப் பார்க்கும் கருவி சில நிமிடங்களுக்கு ஒரு தடவைதான் அளக்கும். இதய நோயாளியில் அந்தச் சில நிமிடங்கள் மிக நீண்டவை. அமுக்கம் குறைந்தால் உடனே ஏற்றுவதற்கு நோரதிரினலின் போன்ற மருந்துகள் முன்கூட்டியே சிறிஞ்சில் தயாராக இருக்கும்.

பின்னர் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் வேலையை இயந்திரம் ஒன்று ஏற்கிறது. இப்படியான இயந்திரத்தின் உதவியுடன் முதல் வெற்றிகரமான சத்திரசிகிச்சையை 1953 மே 6ஆம் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கிபன் செய்தார். நோயாளி 18 வயதுப் பெண். அவரது இதயத்துக்கும் நுரையீரல்களுக்கும் பதிலாக 26 நிமிடங்கள் அந்த இயந்திரமே முழுமையாக வேலை செய்தது. ஆனால் இயந்திரம் பொறுப்பேற்கும் வரை நோயாளியின் இதயமே அனைத்தையும் தாங்க வேண்டும். மயக்க மருந்து ஏறும் அந்த முதல் நிமிடங்கள் மிகக் கவனமானவையாக இருப்பது இதனால்தான்.

அக்கா சொல்லாமல் விட நினைத்தது

எங்கள் ஊருக்கு மேலேயுள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வாப்பாவின் கடைக்கு வழமையாக வருபவர். அவருக்கு இருகூர் வால்வு ஒடுங்கியிருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் மயக்கமருந்து வைத்தியரைச் சந்திக்கும் நாளில், சிங்களத்தில் பேச உதவியாக இருக்கட்டும் என்று உம்மாவையும் என்னையும் அழைத்துப் போனார்.

வெளியே வாங்கில் காத்திருக்கும்போது அக்கா மெதுவாகச் சொன்னார். "நாலு நாளா இருமலும் காய்ச்சலும் தங்கச்சி. அத உள்ள சொல்லிறாதீங்க. நாள் தள்ளிப் போட்டுருவாங்க." இன்னொன்றையும் சொன்னார். சிறுநீர் போவதற்குக் கொடுத்த குளிகையை வேலை நாட்களில் அவர் எடுப்பதில்லை. "மலையில ஒதுங்க எடம் ஏது?" என்றார். நெஞ்சு அடைப்பது போல இருந்ததால் கடந்த இரண்டு நாட்களாக வீட்டிலிருந்து இரண்டிரண்டாக எடுத்திருக்கிறார்.

நான் படித்தவற்றை அவருக்கு விளங்கும் விதத்தில் சொல்லிப் பார்த்தேன். அந்தக் குளிகை உடலிலிருந்து நீரை வெளியேற்றும். அதிகமாக எடுத்தால் குருதிக் கலன்களில் நீர் குறையும். பொட்டாசியமும் குறைந்து இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகலாம். ஓடையில் தண்ணீர் வற்றியிருப்பது தெரியாமல் வைத்தியர் மருந்தை ஏற்றினால் அமுக்கம் எதிர்பார்த்ததை விட அதிகமாகச் சரியும். காய்ச்சல் என்றால் இதயம் ஏற்கனவே வேகமாக அடிக்கும், அவருடைய வால்வு அதைத் தாங்காது. உம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பிள்ளைகள நெனச்சுப் பாருங்க மகள்."

அக்கா உள்ளே போய் இரண்டையும் சொன்னார். நான் சிங்களத்தில் சொல்லக் கொடுத்தேன். டொக்டர் ஏசவில்லை. குளிகைகளை எண்ணிப் பார்த்து, எழுதிக் கொண்டு, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். சத்திரசிகிச்சை தள்ளிப் போடப்பட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு ஒரு நாள் சம்பளம் போயிருந்தது. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரவழைத்த தாயாரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பலன் இதுதானா என்று அவர் நினைத்திருந்தால் அதில் பிழை இல்லை. இருமல் மாறி மூன்று வாரங்களின் பின் அவருக்கு சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது செயற்கை வால்வுடன் வீட்டில் இருக்கிறார். குருதி உறையாமல் இருக்க வாபரின் குளிகை எடுக்கிறார். அண்மையில் கடைக்கு வந்தபோது, லயத்துக்குப் போகும் மேட்டில் நிற்காமல் ஏறியதாக உம்மாவிடம் சொன்னாராம்.

நாம் சொல்ல வேண்டியவை

மயக்கமருந்து வைத்தியர் நம்மிடம் கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பெற்றோரும் மாணவிகளும் நினைவில் வைத்திருக்கச் சிலவற்றை இங்கே தருகிறேன்.

மேட்டில் அல்லது படியில் எவ்வளவு தூரம் நிற்காமல் ஏற முடியும்? இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? இவற்றுக்கான பதில் பம்பியின் பலத்தைக் காட்டும். "நல்லாத்தான் இருக்கிறேன்" என்று சொல்வதை விட, "கொழுந்துக் கூடையோடு பத்து அடி ஏறினால் நிற்க வேண்டும்" என்று சொல்வது வைத்தியருக்கு அதிகம் உதவும்.

என்ன குளிகைகள் எடுக்கிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். நாட்டு மருந்து, கசாயம், கடையில் வாங்கிய வலிக் குளிகை எல்லாம் அதில் அடங்கும். இதயத் துடிப்பை மெதுவாக்கும் சில குளிகைகளைத் தொடர்ந்து எடுக்கச் சொல்வார்கள். சில பிரஷர் குளிகைகளை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், ஏனெனில் அவை மயக்க மருந்துடன் சேர்ந்து அமுக்கத்தை அதிகம் குறைக்கும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று நாமாக முடிவெடுக்கக் கூடாது. உண்மையில் எப்படி எடுக்கிறோமோ அப்படியே சொல்ல வேண்டும்.

காய்ச்சல், இருமல், சளி உண்டா? வெற்றிலை, புகையிலை, சிகரட், மது பழக்கம் உண்டா? முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது நடந்ததா? எந்த மருந்தாவது ஒத்துக் கொள்ளவில்லையா? வீட்டு ஆண்கள் மதுவைப் பற்றி மனைவி பிள்ளைகள் முன்னால் சொல்ல வெட்கப்படலாம். அப்படியென்றால் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

மொழி தெரியாவிட்டால் தலையை ஆட்டி விட்டு வரக் கூடாது. தமிழில் பேசக் கூடிய தாதியரோ ஊழியரோ இருந்தால் கேட்டு அழையுங்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள். எங்கள் கல்லூரியில் மூன்று மொழிகளும் கற்கும் மாணவிகள் எத்தனையோ பேர் இருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து "கூட வாங்க" என்று கேட்டால், உம்மா வாப்பாவின் அனுமதியோடு ஒரு காலைப் பொழுதை அதற்குக் கொடுக்க நம்மால் முடியும்.

இறுதியாக, சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த நோய் பலருக்குத் தொண்டை நோவில்தான் தொடங்குகிறது. பிள்ளைக்குக் காய்ச்சலுடன் தொண்டை நோ வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்தால், இரண்டு நாளில் சுகமாகி விட்டது என்று நிறுத்தாமல் சொன்ன நாள் வரை முழுமையாகக் கொடுங்கள். ஏற்கனவே வாதக் காய்ச்சல் வந்த பிள்ளையாக இருந்தால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை போடும் பெனிசிலின் ஊசியைத் தவற விடாதீர்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதப்பட்டிருக்கும். இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.